நாடி நன்றாகத்தான் இருந்தது

ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதினேன். மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது முறை விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் அதை எடுக்காமல் என் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்போது எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் தம்பியும் மட்டும் இருந்தோம். அம்மாவும் அய்யாவும் எழுமலையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. அதை நான் இன்றுவரை மறுத்ததில்லை.

கை ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. கரும்பலகையின் மேல் வரியில் எழுதும்போதெல்லாம் சுண்டுவிரலும் மோதிர விரலும் மதமதக்கும். முன்கையின் உள்பக்கமாக ஒரு குத்தல் இறங்கும். சடை பின்னி முடிப்பதற்குள் இரண்டு தடவை கையைத் தொங்கவிட்டு உதற வேண்டியிருந்தது. ஊறுகாய் ஜாடியைத் திறக்கத் தம்பியைக் கூப்பிட்டேன். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். ஒருத்தி பக்கவாதத்தின் ஆரம்பம் என்றாள். இன்னொருத்தி கையில் ரத்தம் செத்துவிட்டது என்றாள். அவர்கள் எல்லோரும் என்னைவிட உற்சாகமாக இருந்தார்கள். எனக்கோ பயத்தில் வாயே அடைத்துவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய அதிசயம்.

ஒரு சனிக்கிழமை தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவர். என் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். தன் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னார். பிறகு, சரணடைகிறவனைப் போல இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம் விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். என்னால் ஒரு நிமிஷத்தைத் தாண்ட முடியவில்லை. கை தானாக இறங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்த பிறகு விளக்கினார். “இங்க, காறை எலும்புக்குக் கீழ ஒரு சந்து இருக்கு டீச்சர். கைக்குப் போற நரம்பு, கைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய், ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர்ற குழாய், மூணும் அந்த வழியாத்தான் போகணும். உங்களுக்குக் கழுத்துல ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கு. அதனால சந்து இன்னும் குறுகிப்போச்சு. இதுல யாரு நசுங்குறாங்கங்கிறதுதான் கேள்வி. உங்களுக்கு நசுங்குறது நரம்பு.”

“எப்பிடி சார் சொல்றீங்க?” என்று கேட்டேன். வழிமுறை எழுதாத விடைக்கு நான் மார்க் போடுவதில்லை.

அவர் சிரித்துவிட்டு வழிமுறை சொன்னார். மதமதப்பு, குத்தல், பிடியில் பலமில்லாமல் போவது, அதுவும் கையின் ஒரு குறிப்பிட்ட ஓரத்தில் மட்டும் வருவது, இவையெல்லாம் நரம்பின் அடையாளங்கள். என் கையில் நிறமும் மாறவில்லை, சூடும் மாறவில்லை, வீக்கமும் இல்லை. கையைத் தூக்கும்போது நாடி கொஞ்சம் அமுங்கியது உண்மைதான். ஆனால் ஒரு குறையும் இல்லாதவர்களுக்குக்கூட அப்படி அமுங்கும், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்றார். நரம்புதான் பெரும்பாலானவர்களுக்கு நசுங்குவது, பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. கை பிழைத்தது என்ற சந்தோஷம்.

நான் எழுந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். “கை திடீர்னு வெளுத்துச் சில்லுன்னு ஆனாலோ, வீங்கி நீலம் பாரிச்சாலோ, அது நரம்பு இல்ல. ரத்தக்குழாய். அன்னைக்கே வந்துரணும். நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது.” நான் தலையாட்டினேன். என் கை வீங்கவுமில்லை, நீலமாகவுமில்லை. பரீட்சைக்கு வராத பாடத்தைப் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் கேட்டேன்.

மூன்று மாதத்தில் கை தேறியது. தோளில் பை மாட்டுவதை விட்டேன், பலகையில் நெஞ்சு உயரத்துக்கு மேல் எழுதுவதை விட்டேன், அவர் சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சிகளைத் தவறாமல் செய்தேன். அதோடு ஒழுங்காக இருந்திருக்கலாம். நான் டாக்டராகிவிட்டேன். ஆசிரியர் அறையில் யார் கைவலி என்றாலும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லி விரலை மூடித் திறக்கவைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பச் சொன்னேன். “எலும்பு டாக்டரம்மா வாராங்க” என்று கேலி செய்தவர்களே பிறகு தங்கள் மாமியாரையும் கூட்டிவந்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. சம்பளத்தைவிடப் பிடித்திருந்தது.

தம்பிக்கு அப்போது இருபது வயது. போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். உயரம், மார்பளவு, ஓட்டம் எதிலும் அவனுக்குக் கவலையில்லை. கயிறு ஏறுவதில்தான் முந்தின வருஷம் பாதியில் வழுக்கித் தோற்றிருந்தான். அதனால் இந்தத் தடவை வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில், ஒரு புளியமரத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஏறினான். கால் படாமல் கையாலேயே ஏறி இறங்குவான். எழுமலையில் எங்கள் சொந்தக்காரர்கள் அவனை ஏற்கெனவே ‘ஏட்டய்யா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

செலக்‌ஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மாலை, மைதானத்திலிருந்து வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தான்.

“அக்கா, வலது கை கனக்குது. கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு.”

எனக்கு உள்ளுக்குள் உற்சாகம் வந்தது என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. உட்காரவைத்தேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். அரை நிமிஷத்தில் வலது கையை இறக்கிவிட்டான். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி திடமாக அடித்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், நாடி அசையவில்லை.

“ரத்தமெல்லாம் ஜோரா ஓடுது. இது என் வியாதிதான்டா. உனக்கும் எலும்பு கூடுதலா இருக்கும். நரம்பு நசுங்குது.”

“விரலு மதமதக்கலியேக்கா. கனமாத்தான் இருக்கு. லேசா வீங்குனாப்லயும் இருக்கு.”

“மதமதப்பு வரும். அம்புட்டு நேரம் கயித்துல தொங்குனா வீங்காம என்ன செய்யும்?”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கையை அசைக்காதே என்பார்கள், செலக்‌ஷன் போய்விடும் என்று அவனுக்குப் பயம். அங்கே போகத் தேவையில்லாதபடி அக்காவே வைத்தியம் சொன்னது அவனுக்குத் தித்தித்திருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். என் பயிற்சிகளை அவனுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் கயிற்றைத் தொடாதே, மூன்றாம் நாள் ஏறலாம் என்று நாள் வேறு குறித்துக்கொடுத்தேன்.

சனிக்கிழமை அம்மா ஊரிலிருந்து வந்தாள். மகனின் கையைப் பார்த்ததும் சுளுக்கு என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்ததாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று முறை நீவிவிட்டால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்று நம்பிக்கை. சின்ன வயதில் எழுமலையில் என் காலுக்கு இருந்த கிராக்கி என் தலைக்கு இருந்ததில்லை. முதுகுப் பிடிப்பு என்று குப்புறப் படுத்த எத்தனையோ மாமன்களை மிதித்திருக்கிறேன். பி.எஸ்சி. முடித்து டீச்சரான பிறகு அதையெல்லாம் கேலி பேசுவேன்.

“ஏத்தா, படிச்ச படிப்பெல்லாம் இருக்கட்டும். தம்பிக்கு ஒருக்கா நீவிவிடு. உங்கால்தான் ராசி.”

சிரித்துக்கொண்டேதான் செய்தேன். அவனைப் பாயில் படுக்கவைத்து, நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தோளிலிருந்து முழங்கைவரை அம்மா ஊற்ற, நான் குதிகாலால் மூன்று முறை நீவினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு பக்கம் டாக்டர் சொன்ன பயிற்சி, இன்னொரு பக்கம் என் கால், இரண்டில் எது பலித்தாலும் பெயர் எனக்குத்தான் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமையும் நீவினேன்.

திங்கள்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறக் குழாயடியில் தம்பி சட்டையைக் கழற்றத் திணறிக்கொண்டிருந்தான். வலது பக்கச் சட்டைக் கை கழன்று வரவில்லை. உதவப் போனேன். அப்போதுதான் நல்ல வெயிலில் அவன் உடம்பைப் பார்த்தேன். வலது கை இடது கையைப் போல ஒன்றரை மடங்கு பருமனாக இருந்தது. விரல்நுனியிலிருந்து தோள்வரை கத்தரிப்பூ நிறம். தோளிலும் நெஞ்சின் வலது பக்கத்திலும் அதுவரை நான் பார்த்திராத ரத்தக்குழாய்கள் பச்சையாகப் புடைத்துக் கிளைகிளையாகப் பரவியிருந்தன. தொங்கவிட்டிருந்த கையைத் தூக்கிப் பிடித்தேன். நிறம் கொஞ்சம் இறங்கியது. விட்டேன், மறுபடி ஏறியது.

வீங்கி நீலம் பாரிச்சா, அன்னைக்கே வந்துரணும்.

டாக்டரின் குரல் அப்படியே காதில் கேட்டது. நான் அதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கானதல்ல என்று ஓரமாக வைத்திருந்தேன். ஐந்து நாளாக இந்தக் கையைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த வாக்கியம் தலைநீட்டவில்லை.

“எப்பருந்துடா இந்த நெறம்?”

“வெள்ளிக்கெழமயே லேசா இருந்துச்சுக்கா. நீ சொல்லுவேன்னு இருந்தேன்.” பேச்சு முடிவதற்குள் இருமினான். இருமும்போது நெஞ்சின் ஒரு பக்கம் குத்துகிறது என்றான், அதுவும் நேற்றிலிருந்து.

சைக்கிள் ரிக்‌ஷாவில் மூன்று பேரும் போனோம். அம்மா வழிநெடுக மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நான் அவன் கையை என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ரிக்‌ஷாக்காரரை அண்ணே, அண்ணே என்று விரட்டிக்கொண்டே போனேன்.

அதே டாக்டர். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எத்தனை நாளாக, என்ன வேலை செய்தான் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், “யாராச்சும் தேய்ச்சுவிட்டீங்களா?” என்றார்.

அம்மா முந்திக்கொண்டாள். “எம் மகதாங்கய்யா ரெண்டு நாளா நீவிவிட்டா. காலால பொறந்தவ.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “டீச்சர், நீங்களா?” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நாடி பாத்தேன் சார். நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். என் குரல் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரலாக இருந்தது.

“இப்பவும் நல்லாத்தான் இருக்கு. உள்ள போற ரத்தம் போய்ட்டேதான் இருக்கு. திரும்பி வர்ற குழாய்தான் நசுங்கி, அதுல ரத்தம் கட்டிக்கிருச்சு. அதான் வீக்கம், அதான் நீலம். நாடியில இது தெரியாது. கையைத் தேய்ச்சா கட்டி உடைஞ்சு நெஞ்சுக்குப் போகலாம். ஒரு துணுக்கு போயிருச்சோன்னுதான் பாக்குறேன்.”

தண்ணீர் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று, தொட்டி எப்போது நிறையும் என்ற கணக்கை வருஷாவருஷம் நடத்துகிறவள் நான். வரும் குழாயை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட அந்தத் தப்பைச் செய்யாது.

அவனைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று படுக்கவைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி மேல் ஊசி. கையைத் தலையணைகளின்மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். முதல் நான்கு நாள் அவன் இருமும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் கொன்றுவிட்டேன், என் குதிகாலால் கொன்றுவிட்டேன் என்று கழிப்பறைச் சுவரைப் பார்த்துச் சொல்லி அழுதிருக்கிறேன். ஐந்தாம் நாள் நெஞ்சுக் குத்தல் குறைந்தது. உயிருக்கு இனி பயமில்லை என்றார்கள். அதற்கடுத்த வாரம் செலக்‌ஷன் நாள் வந்தது. அன்று காலையிலிருந்து அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காபியையும் தொடவில்லை.

டாக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். “மொத நாளே கூட்டிட்டு வந்திருந்தா சார்?”

கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். “அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர். ஆனா ஒருநாள் ரெண்டுநாள்ல வந்தவங்க சில பேரு கை பழையபடி ஆகி, அப்பறம் சந்துல நெருக்குற எலும்பை எடுத்துட்டு, எல்லா வேலையும் செய்றதைப் பாத்திருக்கேன். தம்பிக்குக் குழாய் முழுசாத் திறக்கல. கையைத் தூக்கிச் செய்ற வேலை இனிமே வேணாம்.” நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனான். பழங்காநத்தத்துக்குத் திரும்பவில்லை. நான் சனிக்கிழமைதோறும் எழுமலைக்குப் பஸ் ஏறினேன். என்னோடு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாப்பிட்டாயா என்றால் ம் என்பான். மாத்திரை போட்டாயா என்றால் ம் என்பான். பரணிலிருந்து ஏதாவது எடுக்கக் கையைத் தூக்கினால் சற்று நேரத்தில் கை கனத்து நிறம் மாறும். இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். ‘ஏட்டய்யா’ என்று கூப்பிடுவதை எல்லோரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு தோட்டத்துக்குப் போனேன். பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, டாக்டர்கிட்ட நீ கேட்டியா? மொத நாளே போயிருந்தா கை சரியாயிருக்குமாமா?”

அந்தக் கேள்விக்காகத்தான் ஐந்து மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பயந்துகொண்டே வந்தேன். சொல்ல வேண்டியதை வழியில் பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். டாக்டர் என்னை முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்பது, தாழ்வாரத்தில் அவர் சொன்னது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

“கேட்டேன்டா. என்னைக்குப் போயிருந்தாலும் இம்புட்டுதானாம். உடம்பு அப்பிடி அமஞ்சுபோச்சாம்.”

அவனுக்காகத்தான் சொன்னேன், அவன் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அவன் நீளமாக மூச்சு விட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

“அப்பச் சரிக்கா. ஒம் பேச்சக் கேட்டுத்தான் கெட்டேன்னு இத்தன நாளா மனசுக்குள்ள ஒன்னயத் திட்டிக்கிட்டே கெடந்தேன். நீ வந்தாலே எந்திரிச்சுப் போயிரலாம்னு இருக்கும். ஒம் மேல ஒரு தப்பும் இல்லாம அப்பிடி நெனச்சுப்புட்டேன். என்னய மன்னிச்சிருக்கா.”

இன்னும் வீக்கம் முழுசாக வற்றாத அந்தக் கையால் என் கையைப் பிடித்தான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, பெரிய மனசு பண்ணி, “பரவால்லடா, விடு” என்றேன்.